35 ஆயிரம் ரூபாய் லேப்டாப்பில் டாவின்சி ரிசால்வ் ஓட்டுவது எப்படி

என்னிடம் இருப்பது ஐ3 பிராசசர், 8 ஜிபி ராம் போட்ட லேப்டாப். தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. போன பங்குனியில் மயிலாப்பூர் அறுபத்துமூவர் ஊர்வலத்தைப் போனில் 4கே தரத்தில், விநாடிக்கு 60 பிரேமில் நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டு வந்து டாவின்சி ரிசால்வ் என்ற வீடியோ எடிட்டிங் சாஃப்ட்வேரில் போட்டேன். ஸ்பேஸ் பாரைத் தட்டினால் நாதஸ்வரம் மட்டும் ஜோராகக் கேட்கிறது, படத்தில் பல்லக்கு மாட வீதியில் அப்படியே நிற்கிறது, நாலு விநாடி கழித்து ஒரே தாவாகத் தாவித் தெருமுனைக்குப் போய்விடுகிறது. சரி, லேப்டாப்பை மாற்ற வேண்டியதுதான் என்று புதுசுக்கு விலை பார்க்க ஆரம்பித்துவிட்டேன். கடைசியில் மாற்றவில்லை. அதே லேப்டாப்பில்தான் அந்த வீடியோவை முடித்தேன், அப்புறம் இரண்டு வளைகாப்பும் ஒரு அரங்கேற்றமும் முடித்தேன்.

ஏன் திணறுகிறது என்று புரிந்துவிட்டால் மீதி சுலபம். போன் எடுக்கும் வீடியோ ஹெச்.264 அல்லது ஹெச்.265 என்ற சுருக்கும் முறையில் இருக்கும். இடத்தை மிச்சம் பிடிப்பதற்காக இவை எல்லா பிரேமையும் முழுப் படமாக வைத்துக்கொள்வதில்லை. எப்போதாவது ஒரு முழுப் படம் இருக்கும், அதற்குப் பிறகு வருவதெல்லாம் முந்தைய படத்திலிருந்து எது மாறியது என்ற குறிப்பு மட்டும்தான். நேராக ஓடவிட்டுப் பார்க்க இது போதும். ஆனால் எடிட்டிங்கில் நாம் முன்னேயும் பின்னேயும் இழுத்துக்கொண்டே இருப்போம், ஒவ்வொரு முறையும் பாவம் அந்த பிராசசர் கடைசி முழுப் படத்துக்குத் திரும்பிப் போய், அங்கிருந்து கணக்குப் போட்டுக்கொண்டே நாம் நிற்கும் இடத்துக்கு வந்து சேர வேண்டும். ஹெச்.265 இன்னும் நெருக்கி அடைத்தது, அதனால் இன்னும் சிரமம்.

இதற்கு மருந்து பிராக்ஸி. சினிமாவில் சண்டைக் காட்சிக்கு டூப் போடுகிறார்கள் இல்லையா, அதே வேலைதான். விழுவது, புரளுவது, அடிவாங்குவது எல்லாம் டூப். முகம் தெரியும் ஷாட்டுக்கு மட்டும் ஹீரோ வருவார். வெட்டி ஒட்டும் வரை சின்ன சைஸ் டூப் ஃபைலை வைத்து வேலை செய்கிறோம், கடைசி ரெண்டரில் (முடித்த வீடியோவை ஒரே ஃபைலாக எடுக்கும் வேலை) ரிசால்வ் தானாக ஒரிஜினலை எடுத்துக்கொள்ளும். தரம் ஒரு சொட்டுக்கூடக் குறையாது. இதை நம்பாமல் ஒரு மாதம் வீணடித்தவன் சொல்கிறேன்.

செய்யும் முறை: புது பிராஜெக்ட் திறந்ததும், ஒரு கிளிப்பைக்கூட உள்ளே போடுவதற்கு முன்னால், பிராஜெக்ட் செட்டிங்ஸில் மாஸ்டர் செட்டிங்ஸ் போங்கள். டைம்லைன் (கிளிப்களை வரிசையாக அடுக்கி வெட்டும் இடம்) பிரேம் ரேட்டை, அதாவது விநாடிக்கு எத்தனை பிரேம் என்பதை, இப்போதே முடிவு செய்யுங்கள், ஏனென்றால் கிளிப் உள்ளே வந்தபின் அதை மாற்ற விடாது. 30 போதும். அதே பக்கத்தில் கீழே வந்தால் பிராக்ஸி மீடியா ரெசல்யூஷன், ஃபார்மட் என்று இருக்கும். 4கே ஃபுட்டேஜ் என்றால் ரெசல்யூஷனை ஹாஃப் அல்லது குவார்ட்டர் வையுங்கள், ஃபார்மட்டுக்கு டிஎன்எக்ஸ்ஹெச்ஆர் எல்பி. இந்த ஃபார்மட்டில் ஒவ்வொரு பிரேமும் தனித்தனி முழுப் படம், யாரும் எங்கேயும் திரும்பிப் போய்க் கணக்குப் போட வேண்டாம், விஷயமே அதுதான். 1080 அளவில், 30 பிரேமில் ஒரு மணி நேரத்துக்கு சுமார் 20 ஜிபி பிடிக்கும், குவார்ட்டர் வைத்தால் அதில் கால்வாசி. இன்னும் கீழே வொர்க்கிங் ஃபோல்டர்ஸ் இருக்கும், அங்கே பிராக்ஸி, கேஷ் (ரிசால்வ் தற்காலிகமாகச் சேர்த்து வைக்கும் ஃபைல்கள்) இரண்டையும் ஒரு எக்ஸ்டர்னல் எஸ்எஸ்டிக்குத் திருப்பிவிடுங்கள். அதை யுஎஸ்பி 3 போர்ட்டில் செருக வேண்டும், பெரும்பாலும் நீல நிறத்தில் இருப்பது அதுதான்.

அப்புறம் மீடியா பூலில் எல்லா கிளிப்பையும் செலக்ட் செய்து, ரைட் கிளிக், ஜெனரேட் பிராக்ஸி மீடியா. இது நேரம் எடுக்கும். என் நாற்பது நிமிடத்துக்கு இரண்டரை மணி நேரம் ஆனது, சாப்பிட்டுத் தூங்கி எழுந்து வந்தேன். முடிந்ததும் பிளேபேக் மெனுவில் பிராக்ஸி ஹேண்ட்லிங் என்ற இடத்தில் ப்ரிஃபர் பிராக்ஸிஸ் டிக் ஆகியிருக்கிறதா பாருங்கள். இப்போது ஸ்பேஸ் பாரைத் தட்டுங்கள், பல்லக்கு நகரும்.

இதற்குமேலும் லேசாக இழுத்தால் டைம்லைன் ரெசல்யூஷனை 1280 x 720 ஆக்கிவிட்டு வெட்டுங்கள். பிறகு 1080க்கு ஏற்றினால் நீங்கள் செய்த ஜூம், கிராப் எல்லாம் அதே விகிதத்தில் கூடவே வரும். ஏற்ற மறந்துவிட்டு ரெண்டர் போடாதீர்கள். வியூவர் மூலையில் இருக்கும் மூன்று புள்ளி மெனுவில் ஷோ ஆல் வீடியோ பிரேம்ஸ் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். அப்போது ஒன்றிரண்டு பிரேம் விட்டுப் போனாலும் சத்தத்தோடு சேர்ந்து ஓடும்.

போன் வீடியோவில் இன்னொரு தொல்லை, பிரேம் ரேட் சீராக இருக்காது. வெளிச்சம் குறைந்தால் தானே குறைத்துக்கொள்ளும். பத்து நிமிடக் கிளிப்பில் கடைசியில் வாயசைவு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் போகும். அப்படி இருந்தால் முதலில் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் சாஃப்ட்வேரில் போட்டு கான்ஸ்டன்ட் பிரேம் ரேட் ஆக்கிக்கொண்டு வாருங்கள். அது இலவசம்தான்.

டைட்டிலுக்கு வருவோம். ரிசால்வில் டெக்ஸ்ட் என்று ஒன்றும் டெக்ஸ்ட் பிளஸ் என்று ஒன்றும் இருக்கும். பிளஸ் வேண்டாம். அது ரிசால்வுக்குள் எஃபெக்ட் வேலைக்கென்று இருக்கும் ஃபியூஷன் எஞ்சினில் ஓடுவது, சாதாரண லேப்டாப்புக்கு அது மலை. தமிழ் எழுத்து என்றால் நான் இரண்டையும் விட்டுவிடுவேன். எடிட்டிங் சாஃப்ட்வேர்களில் தமிழ் அடித்தால் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமும் நிற்பதைப் பார்த்து நொந்தவர்களுக்கு இது தெரியும். அடோபி பிரீமியர் என்ற எடிட்டிங் சாஃப்ட்வேரில் கிராபிக்ஸ் பிரிஃபரன்ஸில் டெக்ஸ்ட் எஞ்சினை தெற்காசிய மொழிகளுக்கான தேர்வுக்கு மாற்றினால் சரியாகும். ரிசால்வுக்கு நான் இங்க்ஸ்கேப் என்ற வரையும் சாஃப்ட்வேரில் 'சீமந்தக் கல்யாணம்' என்று அழகாக எழுதி, பின்னணி இல்லாத பிஎன்ஜியாக எடுத்து டைம்லைனில் போட்டுவிடுவேன். எழுத்தும் உடையாது, லேப்டாப்புக்குப் பாரமும் இல்லை.

கலர் கரெக்ஷனைக் கடைசியில் வையுங்கள். முதலிலேயே எல்லா கிளிப்புக்கும் நோட் நோடாக (ஒவ்வொரு நோடும் ஒரு கலர் மாற்றம்) போட்டுக்கொண்டு போனால் அதற்கப்புறம் ஒரு கட் வைப்பதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம். எஃபெக்ட் போட்டே ஆக வேண்டிய இடங்களுக்கு ரெண்டர் கேஷில் ஸ்மார்ட் வையுங்கள். டைம்லைனுக்கு மேலே இருக்கும் சிவப்புக் கோடு நீலமாக மாறும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருந்தால் அந்தத் துண்டு சீராக ஓடும்.

காசு செலவழிப்பதாக இருந்தால் ராமில் செலவழியுங்கள். ரிசால்வ் கேட்பது 16 ஜிபி, ஃபியூஷன் பயன்படுத்தினால் 32. தனி கார்டு இல்லாத லேப்டாப்பில் கிராபிக்ஸும் இதே ராமில்தான் பங்கு கேட்கும், விண்டோஸும் கேட்கும், குரோமில் திறந்து வைத்த பதினைந்து டேபும் கேட்கும் (டேபை மூடுங்கள் முதலில்). டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபாமன்ஸ், மெமரி பக்கம் போனால் எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று காட்டும். இரண்டில் ஒன்று காலி என்றால் அதிர்ஷ்டம். இன்னொரு 8 ஜிபி போட்டால் அளவு கூடுவதோடு, ராம் இரண்டு சேனலில் ஓடுவதால் கிராபிக்ஸுக்கும் வேகம் கிடைக்கும். சில மாடல்களில் போர்டோடு சேர்த்து ஒட்டியிருப்பார்கள், அதை ஒன்றும் செய்ய முடியாது. சென்னையில் கம்ப்யூட்டர் கடைகள் இருக்கும் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போகும்போது லேப்டாப்பைக் கையோடு எடுத்துப் போங்கள். டிடிஆர்4 ராம் ஸ்லாட்டில் அடுத்த தலைமுறை டிடிஆர்5 நுழையாது, வாயால் சொல்லி வாங்கிவந்து மறுபடி மவுண்ட் ரோடு டிராஃபிக்கில் நிற்கிற வேலை வேண்டாம். கடையிலேயே போட்டு, ஆன் செய்து, 16 காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு பில்லோடு வாருங்கள்.

சூட்டைப் பற்றி நம் ஊரில் சொல்லாமல் இருக்க முடியாது. சூடு ஏறினால் பிராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கத்திரி வெயிலில் மாடி அறையில் மத்தியானம் போட்ட ரெண்டர் 1 மணி 50 நிமிடம் ஓடியது, அதே ஃபைல் விடியற்காலை ஐந்து மணிக்கு 1 மணி 10 நிமிடத்தில் முடிந்தது. மெத்தை மேல் வைக்காதீர்கள், பின்பக்கம் இரண்டு புத்தகம் கொடுத்துத் தூக்கிவிடுங்கள், சார்ஜர் மாட்டி பவர் மோடை பெஸ்ட் பெர்ஃபாமன்ஸில் வையுங்கள். ஃபேன் காற்று உங்களைவிட அதற்கு முக்கியம்.

ரெண்டர் போடும் முன் டெலிவர் பக்கத்தில் அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் யூஸ் பிராக்ஸி மீடியா டிக் இல்லாமல் இருக்கட்டும், இல்லாவிட்டால் ஹீரோ வர வேண்டிய குளோசப்பிலும் டூப்பே வந்து நிற்பார்.

எல்லாம் முடிந்ததும் பிளேபேக் மெனுவில் டிலீட் ரெண்டர் கேஷ் கொடுத்தால் இடம் திரும்பிவரும். பிராக்ஸியை மட்டும் ஒரு வாரம் வைத்திருங்கள். வீடியோ கொடுத்த மூன்றாவது நாள் "தம்பி, பெரியத்தை பந்தியில உட்கார்ந்திருக்கிற இடத்தை மட்டும் எடுத்துடுப்பா" என்று போன் வரும்.