ஹாஸ்டல் அறைச் சண்டையில் சமரசம் பேசுவது எப்படி?

ரூம்மேட்டுகள் இருவர் முறைத்துக்கொண்டால் விஷயம் வார்டனிடம் போகும், இல்லையென்றால் வாட்ஸ்அப் குழுவில் வெடிக்கும். அதற்கு முன்பே சக மாணவர் ஒருவர் இருவரையும் உட்காரவைத்துப் பேசவைக்கலாம். சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005 முதல் இயங்கும் சமரச மையத்தின் வழியும் இதுதான்: தீர்ப்பு சொல்வதில்லை, முடிவைச் சம்பந்தப்பட்டவர்களே எடுக்கிறார்கள்.

1. உங்கள் வேலைதானா?

ராகிங், பாலியல் தொல்லை, சாதி வசை, அடிதடி என்றால் சமரசமே பேசாதீர்கள். ராகிங்கைத் தமிழ்நாடு 1997-லேயே தனிச் சட்டம் போட்டுத் தடை செய்திருக்கிறது. ராகிங் தடுப்புக் குழுவிடம் சொல்லுங்கள். பாலியல் தொல்லைக்கு உள்ளகப் புகார்க் குழு இருக்கிறது. இந்த மாதிரி விஷயத்தில் போய் "கை குலுக்கிக்கோங்கப்பா" என்பது பாதிக்கப்பட்டவருக்குச் செய்யும் துரோகம்.

2. தனித்தனியாகக் கேளுங்கள்

பாதி வேலை இங்கேதான். "பத்து மணிக்கு லைட்டை அணைக்கணும்" என்கிறான் ஒருவன். "அரியர் இருக்கு, முடியாது" என்கிறான் மற்றவன். லைட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் விடியாது. "அணைச்சா உனக்கு எது சரியாகும்?" என்று கேளுங்கள். காலை எட்டு மணி லேப், தூக்கம் போதவில்லை என்பான். கொஞ்சம் பொறுத்தால், நள்ளிரவு போன் பேச்சுதான் நிஜக் கோபம் என்பதும் வெளியே வரலாம். இதில் எதை மற்றவனிடம் சொல்லலாம் என்று அவனிடமே கேட்டுக்கொள்ளுங்கள். ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுக்கும்போதே, உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் வெளியே சொல்வேன் என்றும் சொல்லிவிடுங்கள்.

சீனியர், ஜூனியர் தகராறில் கூடுதல் கவனம் வேண்டும். எதைக் கேட்டாலும் "சரிண்ணா" என்கிற ஜூனியர் சம்மதித்துவிட்டதாக அர்த்தமில்லை. நீங்களும் அந்த சீனியரின் செட் என்றால் விலகிவிடுங்கள்.

3. சேர்ந்து உட்காருங்கள்

இருவரின் அறையும் வேண்டாம், கேன்டீனும் வேண்டாம். காலி வகுப்பறை போதும். ஒருவர் பேசி முடித்ததும், என்ன சொன்னார் என்று மற்றவர் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லட்டும். அப்புறம் அவர் முறை. யோசனை சொல்ல நாக்கு துறுதுறுக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். நீங்கள் நாட்டாமை இல்லை.

4. எழுதி வாங்குங்கள்

"இனி ஒழுங்காக இருப்போம்" என்பதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. "11 மணிக்கு மேல் டேபிள் லேம்ப் மட்டும், போன் பேச வராண்டா" என்று எழுதினால் யாரும் மறுக்க முடியாது. இரண்டு வாரம் கழித்து இருவரையும் தனித்தனியே விசாரியுங்கள். ஒத்துவரவில்லை என்றால், இருவரிடமும் சொல்லிவிட்டு அறை மாற்றத்துக்கு வார்டனைப் பார்க்கச் சொல்லுங்கள்.