கார் ஏசியில் சூடான காற்றா? கேஸ் அடிக்கும் முன் பார்க்க வேண்டியவை

அக்னி நட்சத்திரம் நெருங்கினால் தஞ்சாவூர் பைபாஸில் இருக்கும் எங்கள் ஷெட்டில் காலையிலேயே வண்டிகள் வரிசை கட்டும். இறங்கும்போதே, "கேஸ் தீர்ந்துபோச்சு, கொஞ்சம் அடிச்சு விடுங்க" என்பார்கள். கார் ஏசியில் கேஸ் தீராது. பெட்ரோல் மாதிரி எரிந்துபோகிற பொருள் அல்ல அது, மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. ரப்பர் ஹோஸ் வழியாக வருஷக்கணக்கில் துளித்துளியாகப் போகும், அவ்வளவுதான். ஒரே சீசனில் கூலிங் போய்விட்டது என்றால் எங்கோ ஒழுகுகிறது, இல்லாவிட்டால் கோளாறு கேஸில் இல்லவே இல்லை. இரண்டாவது வகையில் பாதியை வீட்டு வாசலிலேயே நீங்கள் கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் காற்று குறைவா, குளிர்ச்சி குறைவா என்று பிரித்துக்கொள்ளுங்கள். புளோயரை முழு வேகத்தில் வைத்தும் காற்று முனகிக்கொண்டு வந்தால் கேபின் ஃபில்டரைப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் டேஷ்போர்டின் இடதுபக்க டப்பாவைக் கழற்றினால் பின்னால் இருக்கும். காற்று பலமாக வந்தும் குளிரவில்லை என்றால் பானெட்டைத் திறக்க வேண்டியதுதான்.

இன்ஜின் ஓடட்டும். உள்ளே ஒருவரை உட்காரவைத்து ஏசி பட்டனைப் போட்டுப் போட்டு அணைக்கச் சொல்லுங்கள். தோளில் துண்டு, தொங்கும் சட்டைக் கை எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது. கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரஸரின் புல்லி எப்போதும் சுற்றும், அதை வைத்து ஏமாறாதீர்கள். அதன் நடுவில் இருக்கும் கிளட்ச் தட்டு, பட்டனைப் போட்டதும் 'டக்' என்று ஒட்டிக்கொண்டு சேர்ந்து சுற்ற வேண்டும். சில புதிய கார்களில் கிளட்ச் இல்லாத கம்ப்ரஸர் வருகிறது, அதில் இந்தச் சத்தத்தை எதிர்பார்க்காதீர்கள்.

தட்டு ஒட்டவில்லையா? ஏசி ஃபியூஸைப் பாருங்கள். அப்புறம் ஏசி ரிலே, அதாவது கரண்டைத் திறந்து மூடும் சின்ன டப்பா. அதே எண் கொண்ட வேறொரு ரிலே பக்கத்தில் இருந்தால் மாற்றிச் செருகிப் பாருங்கள். வயல் ஓரம் வண்டி நிறுத்துகிறவர்கள் கிளட்ச்சுக்குப் போகும் ஒயரையும் பாருங்கள், எலி விட்டுவைப்பதில்லை. இதெல்லாம் சரியாக இருந்தால் கேஸ் ரொம்பக் குறைந்து பிரஷர் சுவிட்ச் கம்ப்ரஸரைத் தடுத்துவைத்திருக்கலாம். அந்த சுவிட்சை ஒயர் போட்டு நேரடியாக இணைத்து ஓட்டச் சொல்கிற யோசனையை மட்டும் கேட்காதீர்கள். கேஸோடு சேர்ந்துதான் ஆயிலும் சுற்றுகிறது. கேஸ் இல்லாமல் ஓடினால் கம்ப்ரஸர் ஜாம் ஆகிவிடும்.

தட்டு சுற்றுகிறது, ஆனாலும் சிக்னலில் நின்றால் சூடு, ரோட்டில் ஓடினால் குளிர்ச்சி. இப்படியென்றால் எனக்கு முதல் சந்தேகம் பேன் மீதும், கேஸின் சூட்டை வெளியேற்றும் கன்டென்சர் மீதும்தான். ஏசி ஓடும்போது முன்பக்க பேன் வேலை செய்தே ஆக வேண்டும். கன்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் நிற்பதால் ரோட்டில் பறப்பதெல்லாம் முதலில் அதில்தான் ஒட்டும். எங்கள் பக்கம் அறுவடை முடிந்ததும் ரோட்டிலேயே நெல்லைக் காயப்போடுவார்கள். அந்தச் சுணையும் வைக்கோல் தூசியும் பூச்சியும் சேர்ந்து, டார்ச் அடித்துப் பார்த்தால் கம்பளி விரித்தது போலிருக்கும். இன்ஜின் ஆறியபிறகு சாதாரணத் தோட்டக் குழாயில் மெதுவாகத் தண்ணீர் விடுங்கள், முடிந்தால் உள்ளிருந்து வெளிப்பக்கமாக. வாட்டர் சர்வீஸ் கன்னைக் கிட்டே கொண்டுபோனால் மெல்லிய அலுமினியத் தகடுகள் மடங்கிப் படுத்துவிடும், பிறகு காற்று நுழைய வழியே இருக்காது. பழுப்புத் தண்ணீர் தெளிகிற வரை கழுவுவதை நிறுத்தாதீர்கள்.

அடுத்தது பானெட்டுக்குள் இருக்கும் ஏசி குழாய்கள். தடித்த குழாய் சில்லென்று வியர்த்திருக்க வேண்டும், மெல்லிய குழாய் சூடாக இருக்கும், பார்த்துத் தொடுங்கள். தடித்த குழாய் நன்றாகக் குளிர்ந்தும் உள்ளே சூடான காற்று வந்தால் கேஸுக்குச் சம்பந்தமில்லை. சூடான காற்றை உள்ளே விடும் ஹீட்டர் கதவு மூடாமல் நிற்கிறது. பழைய கார்களில் நாபோடு இணைந்த கேபிள் கழன்றிருக்கும். அரைமணி நேரம் நன்றாக ஓடி, பிறகு காற்றே குறைந்துபோய், கொஞ்ச நேரம் அணைத்துவிட்டுப் போட்டால் மறுபடி குளிர்ந்தால் கூலிங் காயிலில் ஐஸ் கட்டுகிறது. அழுக்கும் காரணமாக இருக்கலாம், காயிலின் வெப்பநிலையைப் பார்க்கும் சென்சாரும் காரணமாக இருக்கலாம்.

இவ்வளவு பார்த்தும் தீராவிட்டால் ஷெட்டுக்கு வாருங்கள். இங்கே கேஸின் அழுத்தத்தைக் காட்டும் கேஜ் மாட்டுவோம். இன்ஜின் நின்றிருக்கும்போது 30 டிகிரி வெயிலில் கேஜ் 100 பிஎஸ்ஐ பக்கம் காட்டும். அதைக் காட்டி 'கேஸ் ஃபுல்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், உள்ளே கொஞ்சம் கேஸ் திரவமாக மிச்சமிருந்தாலே அந்த அளவுதான் காட்டும். ஓடும்போது ஆர்134ஏ என்ற கேஸ் போட்ட காரில் லோ பக்கம் (கம்ப்ரஸருக்குள் கேஸ் போகும் பக்கம்) சுமார் 30 முதல் 45, ஹை பக்கம் (அழுத்தி வெளியே வரும் பக்கம்) வெயில் நாளில் 200 முதல் 250 வரை இருந்தால் நல்லது. இரண்டும் குறைந்தால் கேஸ் குறைவு. இரண்டும் ஏறினால் கேஸ் அதிகம், அல்லது கன்டென்சருக்குக் காற்று போதவில்லை. லோ ஏறி ஹை இறங்கினால் கம்ப்ரஸர் தளர்ந்துவிட்டது.

ஒழுகல் இருக்கும் ஜாயிண்டில் ஆயில் கசிந்து, அதில் தூசி கறுப்பாகப் படிந்திருக்கும். அங்கே சோப்பு நுரை வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒழுகலுக்கு நைட்ரஜன் ஏற்றித் தேட வேண்டும். ஜாயிண்டில் இருக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கை மாற்றியதும், உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுத்தெடுக்கும் வாக்குவம் பம்ப்பை அரைமணி நேரமாவது ஓடவிட்டு, அணைத்தபின் முள் ஏறுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஈரம் மிச்சமிருந்தால் காயிலுக்குக் கேஸை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வில் உறைந்து அடைக்கும். இந்த அரைமணியைத்தான் பல இடங்களில் மிச்சம் பிடிக்கிறார்கள்.

கேஸை அளந்துதான் போட வேண்டும். பானெட்டின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எந்த கேஸ், எத்தனை கிராம் என்று இருக்கும். சின்ன கார்களுக்குப் பெரும்பாலும் 300 முதல் 500 கிராம். சிலிண்டரைத் தராசில் வைத்து முன்னும் பின்னும் எடையைக் காட்டச் சொல்லுங்கள். கூடுதலாகப் போட்டால் கூலிங் ஏறாது, இறங்கும். கேஸ் போடுவதை வீட்டில் நீங்களே செய்ய வேண்டாம். ஆர்134ஏ மைனஸ் 26 டிகிரியில் கொதிக்கும், கண்ணில் பட்டால் ஆபத்து. வேலை முடிந்ததும் வண்டியை நிழலில் நிறுத்தி, கண்ணாடியை ஏற்றி, ரீசர்க்குலேஷனில் போட்டு, நடு வென்ட்டில் ஒரு தெர்மாமீட்டரைச் செருகிவையுங்கள். பத்து நிமிஷத்தில் 10 டிகிரிக்குப் பக்கத்தில் வந்தால் பணத்தைக் கொடுங்கள்.