ஆயாவோட வாழ்க்கைய ஒரு நோட்டுல எழுதி வைக்கிறது எப்படி

எங்க ஆயா, அதான் பாட்டி, போனப்போ பதினாறாம் நாள் காரியத்துக்கு பேனர் அடிக்கணும் நாலு வரி எழுதிக் குடுன்னு சித்தப்பா கேட்டாரு, நானும் அன்பானவர் பண்பானவர்னு எழுதிட்டு படிச்சு பார்த்தா ஊர்ல எந்த ஆயாவுக்கும் அத ஒட்டலாம், எங்க ஆயா அதுல எங்கயுமே இல்ல. பண்ருட்டிக்கிட்ட காடாம்புலியூர் பக்கம் முந்திரி, பலா, மல்லாட்டைன்னு (நிலக்கடலை தான்) 90 வயசு தாண்டியும் கொல்லைக்கு, அதாவது காட்டுக்கு, போறத விடாத மனுஷி அது. அன்னைக்கு ராத்திரியே 200 பக்க நோட்டு ஒண்ணு எடுத்தேன். உங்க வீட்லயும் இப்படி ஒருத்தங்க இருந்தா நான் செஞ்சத சொல்றேன், அவங்க உயிரோட இருக்கும்போதே ஆரம்பிச்சீங்கன்னா இன்னும் நல்லது.

முதல்ல சொந்தக்காரங்கள கேக்காதீங்க. நமக்கு தெரிஞ்ச கதையவே தான் அவங்களும் சொல்லுவாங்க. கொல்லையில கூட களை வெட்டினவங்க, முந்திரிக்கொட்டை உடைக்க வந்தவங்க, பக்கத்து கொல்லைக்காரங்க, இவங்ககிட்ட போங்க. "ஆயா எப்படி?"ன்னு கேட்டா "நல்லவங்க"ன்னு முடிச்சிடுவாங்க. "கடைசியா எப்ப பார்த்தீங்க, கையில என்ன வெச்சிருந்துச்சு?"ன்னு கேளுங்க, அப்புறம் அவங்களே நிறுத்த மாட்டாங்க. எங்க ஆயா ஒரு குடும்பத்துக்கு ரெண்டு மரக்கா (மரக்கால், படி மாதிரி ஒரு அளவு) வெத மல்லாட்டை குடுத்துட்டு திருப்பிக் கேக்கவே இல்லைன்னு எனக்கு தெரிஞ்சது இப்படி தான், எங்க அப்பாவுக்கே அது தெரியாது.

அடுத்து மொய் நோட்ட தேடுங்க. இத நிறைய பேர் தூக்கி போட்டுடுறாங்க, தயவு செஞ்சு போடாதீங்க. நம்ம வீட்டு கல்யாணம், காதுகுத்துக்கு யார் யார் வீட்லேர்ந்து என்ன செஞ்சாங்கன்னு ஊரோட உறவு மொத்தமும் அதுல கெடக்கு. நெல்லாவோ பலாப்பழமாவோ செஞ்சதும் எழுதியிருக்கும், ஒவ்வொரு பேரா வாசிச்சு காட்டினா வயசானவங்களுக்கு அந்தந்த வீட்டு கதை தானா வரும்.

வருஷம் கண்டுபிடிக்கிறது தான் கஷ்டம். ஆதார்ல பொறந்த தேதி ஜனவரி 1னு இருந்தா நம்பாதீங்க, தேதி தெரியாதவங்களுக்கு அப்படி தான் போடுவாங்க. ஊர்ல நடந்தத வெச்சு கேளுங்க. மூத்த புள்ள பொறந்தப்போ பொழங்கின காசு அணாவா நயா பைசாவா? நயா பைசான்னா 1957 ஏப்ரலுக்கு அப்புறம். நெய்வேலி பக்கம்னா சுரங்கத்துக்கு நிலம் எடுத்ததுக்கு முன்னயா பின்னயான்னு கேளுங்க. புதுச்சேரியில பாகூர், வில்லியனூர் பக்கத்து குடும்பம்னா பிரெஞ்சுக்காரன் போனதுக்கு முன்னயான்னு கேளுங்க, அது 1954 நவம்பர் 1, அங்க கொம்யூன் பஞ்சாயத்துல (அந்த ஊர் உள்ளாட்சி ஆபீஸ்) பழைய பதிவும் கேட்டு பாக்கலாம். பழைய பத்திரம் ரேஷன் கார்டுல "தென்னாற்காடு வள்ளலார் மாவட்டம்"னு இருந்தா அது 1993-ல மாவட்டத்த பிரிச்சதுக்கு அப்புறம் வந்தது.

எங்க பக்கம் யாருமே மறக்காதது 'தானே'ங்கிற புயல் அடிச்ச நாள், 2011 டிசம்பர் 30 விடியக்காலம். இதுக்கு மட்டும் தனியா நாலு பக்கம் ஒதுக்குங்க. எங்க கொல்லையில ஆயா கல்யாணம் ஆகி வந்தப்பவே காய்ச்சிட்டிருந்த பலா ரெண்டு வேரோட சாஞ்சு கெடந்துச்சு, முந்திரி ஒண்ணு கூட நிக்கல, ஆம்பளைங்க எல்லாம் தலைல கைய வெச்சு உக்காந்துட்டாங்க. ஆயா அன்னைக்கு முதல்ல செஞ்சது, விழுந்த மரத்துலேர்ந்து சுள்ளி ஒடிச்சு அடுப்பு மூட்டி, ஓடு பறந்து போன நாலு வீட்டுக்கும் சேத்து கஞ்சி வெச்சது தான். மழை விட்டதும் பலாக்கொட்டைய செம்மண்ணுல பொதைக்க போயிடுச்சு. கொட்டை போட்டு வந்த பலா காய்க்க எத்தன வருஷம் ஆகும்னு அதுக்கு தெரியாதா என்ன, அப்பவே 80 வயசு. இத எழுதும்போது எனக்கு கை ஓடல. உங்களுக்கும் அப்படி ஒரு இடம் வந்தா அவசரப்படாம நிறுத்தி எழுதுங்க.

கையப் பத்தி கட்டாயம் எழுதுங்க. முந்திரிக்கொட்டை ஓட்டுல இருக்குற எண்ணெய் பட்டு தோல் உரிஞ்சு கருத்துப்போன விரல், அதுல சாம்பல தேச்சுக்கிட்டு திரும்ப உக்காந்து உடைக்கிறது, இதெல்லாம் போட்டோவுல தெரியாது. ஆடி மாசம் மாரியம்மன் கோயிலுக்கு எத்தன படி கேழ்வரகுல கூழு ஊத்தும், மொத சொம்பு யாருக்கு குடுக்கும், அதையும் கேட்டு எழுதுங்க. கோவத்தையும் விடாதீங்க, எங்க ஆயா வரப்பு தகராறுல ஒரு வீட்டோட ஆறு வருஷம் பேசல, அந்த வீட்டு பொண்ணுக்கு பிரசவ வலி வந்தப்போ ராத்திரில வண்டி கட்ட சொன்னதும் அதே ஆயா தான். ரெண்டையும் எழுதினா தான் ஆயாவ தெரிஞ்சவங்க நம்புவாங்க.

போட்டோ கண்ணாடியோட ஒட்டிக்கிட்டிருந்தா பிக்காதீங்க, வெயில் நேரா படாத ஜன்னல் ஓரமா வெச்சு மொபைல்ல எடுங்க. வாட்ஸ்அப்ல வாய்ஸ் மெசேஜ் இருந்தா மொபைல் மாத்துறதுக்கு முன்னாடி வேற எடத்துல ஏத்தி வெச்சிடுங்க. குரல் பதிவு பண்ணும்போது ஃபேன நிறுத்துங்க.

காரியத்தன்னைக்கு நோட்ட படையல் பக்கத்துல வைங்க, கடைசி இருபது பக்கம் காலியா விட்டு பேனாவ நூல்ல கட்டி விடுங்க. எழுத தெரியாதவங்களுக்கு வீட்டு புள்ளைங்கள பக்கத்துல உக்கார வைங்க, அவங்க சொல்ற மாதிரியே எழுதணும், திருத்தக்கூடாது. எங்க நோட்டுல கடைசியா எழுதினது அந்த வெத மல்லாட்டை வாங்கின வீட்டு பையன், இப்ப அவருக்கே 60 வயசு இருக்கும். "ரெண்டு மரக்கா பாக்கி இருக்கு ஆயா"ன்னு எழுதிட்டு போனாரு, அடுத்த வாரம் மூட்டையோட வந்தாரு, அத தான் இந்த பட்டத்துக்கு வெதச்சிருக்கோம்.