"இப்போ என்ன வாசிக்கிறீங்க?": பதில் சொல்லும்போது நேரும் தவறுகள்

கோலாலம்பூரிலோ பினாங்கிலோ பத்துப் பேர் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை மாலையில் வாசகர் வட்டம் நடத்தினால், வழக்கமாக இந்தக் கேள்வியில்தான் தொடங்குவார்கள். எளிய கேள்விதான். ஆனால் பலருடைய பதில் இரண்டே வாக்கியத்தில் புத்தகத்தை விட்டு வெளியே போய்விடுகிறது. எழுத்தாளரின் வாழ்க்கை, நாட்டு நடப்பு, சொந்தக் குடும்பம், சினிமாவாக வந்தபோது யார் நடித்தார் என்று பேச்சு எங்கெங்கோ போகும். கேட்டவர்கள் வீடு திரும்பும்போது அந்தப் புத்தகத்தை வாசிக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க அவர்கள் கையில் எதுவும் இருக்காது.

கீழே சொல்லும் தவறுகள் வேறு வேறாகத் தெரிந்தாலும் வேர் ஒன்றுதான்: புத்தகத்தில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டாமல் கருத்துச் சொல்வது.

எதுவரை வாசித்தீர்கள் என்பதைச் சொல்லாமல் விடுவது

வாசித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தைப் பற்றிய கருத்து பாதி வழியில் இருக்கும் கருத்து. அதில் குறையொன்றுமில்லை. 400 பக்க நாவலில் 90ஆம் பக்கத்தில் நிற்பவர், முழுவதையும் எடைபோட்டவர் போலப் பேசும்போதுதான் சிக்கல். "பாத்திரங்கள் ஆழமில்லை" என்று அவர் சொல்லும் பாத்திரம் 200ஆம் பக்கத்துக்குப் பிறகுதான் திறந்துகொள்ளும் என்றால், முடித்தவர் ஒருவர் அதை மறுக்கப் போய் கதை முடிச்சையே அவிழ்க்க நேரும். இருவருக்கும் இழப்பு.

எனவே பேச்சின் முதல் வாக்கியமே இடத்தைச் சொல்லட்டும்: "20 அத்தியாயத்தில் 7 முடித்திருக்கிறேன்." பக்க எண்ணைவிட அத்தியாய எண் நல்லது. ஒரே நாவலைப் பல பதிப்பகங்கள் அச்சிடும்போது எழுத்தின் அளவும் தாளின் அளவும் மாறும், பக்கமும் மாறும். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையானவை. 'பொன்னியின் செல்வன்' எத்தனையோ பதிப்பகங்களின் அச்சில் கிடைக்கிறது. "மூன்றாம் பாகம், 143ஆம் பக்கம்" என்றால் அறையில் பாதிப் பேர் வேறெங்கோ தேடிக்கொண்டிருப்பார்கள். கிண்டிலில் வாசிப்பவருக்குப் பக்க எண்ணே இல்லாமலும் போகலாம். பாகம், அத்தியாயம், அந்த அத்தியாயத்தின் தொடக்கமா நடுவா என்று சொன்னால் போதும்.

அடுத்து "இதுவரை" என்ற சொல். "நன்றாக இருக்கிறது" என்பதற்கும் "இதுவரை நன்றாக இருக்கிறது, ஆனால் 5ஆம் அத்தியாயத்துக்குப் பிறகு வேகம் தளர்கிறது" என்பதற்கும் உள்ள தூரம் பெரியது. இரண்டாவதைக் கேட்டவர் அந்த அத்தியாயத்துக்கு வரும்போது தானும் கவனிப்பார். ஒத்துக்கொள்ளவும் மறுக்கவும் அவருக்கு ஒரு பிடி கிடைத்துவிட்டது.

பாதியில் நிறுத்திய புத்தகத்தைப் பற்றிப் பேசப் பலரும் கூச்சப்படுகிறார்கள். தேவையில்லை, முடித்த புத்தகத்தைப் பற்றிய பேச்சுக்கு இருக்கும் பயன் இதற்கும் உண்டு. எங்கே நிறுத்தினீர்கள், காரணம் புத்தகத்திலா உங்களிடமா என்று மட்டும் பிரித்துச் சொல்லுங்கள். எழுத்து பொடியாக இருந்தது, அந்த வாரம் வேலை அதிகம் என்பவை உங்கள் காரணங்கள். மூன்று அத்தியாயமாக ஒரே சண்டை திரும்பத் திரும்ப வருகிறது என்பது புத்தகத்தின் காரணம்.

கையில் இருக்கும் பதிப்பைப் பார்க்காமல் பேசுவது

பேசப்போகும் முன் அட்டையைத் திருப்பி, பதிப்பு விவரம் அச்சிட்ட பக்கத்தை ஒரு நிமிடம் பாருங்கள். நான்கு விவரங்கள் வேண்டும்: முதற்பதிப்பு எந்த ஆண்டு, உங்கள் பிரதி எந்த ஆண்டு, சுருக்கப் பதிப்பா முழுப் பதிப்பா, மொழிபெயர்ப்பானால் யார், எந்த மொழியிலிருந்து. சுருக்கப் பதிப்பை வாசித்துவிட்டு "விவரணை போதவில்லை" என்று ஆசிரியரைக் குறை சொல்வது நியாயமல்ல.

தொடராக வந்த நாவல்களுக்கும் இந்தக் கவனம் வேண்டும். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாரத் தொடராக வந்தது. அத்தியாயம் பரபரப்பான இடத்தில் முடிவதும், முன்னால் நடந்ததை ஆசிரியர் மறுபடி நினைவூட்டுவதும் ஒரு வாரம் காத்திருந்த வாசகருக்காக. ஒரே மூச்சில் வாசிக்கும் நமக்கு அது சலிப்பாக இருக்கலாம். அந்தச் சலிப்பைத் தாராளமாகச் சொல்லலாம், காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மொழிபெயர்ப்பு நூல்களில்தான் தவறு அதிகம் நேர்கிறது. பெரும்பாலோர் மொழிபெயர்ப்பாளர் பெயரைச் சொல்வதேயில்லை. ஆனால் "என்ன அழகான நடை" என்று மூல ஆசிரியரைப் புகழ்வார்கள். நீங்கள் ரசித்த தமிழ் மொழிபெயர்ப்பாளருடைய தமிழ். ருஷ்ய நாவல் ஆங்கிலம் வழியாகத் தமிழுக்கு வந்திருந்தால் நடுவில் இன்னொரு கையும் இருக்கிறது.

'நான்', 'நீ' போன்ற பிரதிப்பெயர்களைக் கவனித்தால் இது துலங்கும். மலாயில் நெருங்கியவர்களிடம் பேசும்போது 'அக்கு', மரியாதையோடு பேசும்போது 'சாயா'. தமிழில் இரண்டுமே 'நான்'. ஒரு பாத்திரம் கோபத்தில் 'சாயா'விலிருந்து 'அக்கு'வுக்கு மாறும் இடம் மலாய் வாசகருக்குச் சுரீரென்று தைக்கும். தமிழில் அது காணாமல் போய்விடலாம். ஆங்கிலத்திலிருந்து வரும்போது இதற்கு எதிர்த்திசை. அங்கே 'யூ' ஒன்றுதான். மனைவி கணவனை 'நீ' என்பாளா 'நீங்கள்' என்பாளா என்று முடிவுசெய்தவர் மொழிபெயர்ப்பாளர். "அவள் கணவனிடம் அடங்கிப் போகிறாள்" என்ற உங்கள் கருத்து அந்த 'நீங்கள்' மேல் மட்டும் நிற்கிறதா, அவள் செய்யும் செயல்கள் மேலும் நிற்கிறதா என்று ஒருமுறை சோதித்துப் பாருங்கள். மலேசியத் தமிழ் வாசகரில் மலாய், ஆங்கிலம், தமிழ் மூன்றும் வாசிக்கத் தெரிந்தவர் ஏராளம். மூலமும் மொழிபெயர்ப்பும் கையில் இருந்தால் ஒரே பத்தியை இரண்டிலும் வாசித்துக் காட்டுங்கள். இந்த வாய்ப்பு எல்லா ஊர் வாசகருக்கும் கிடைப்பதில்லை.

தோட்டத்துக்குப் போய்த் திரும்பாத பேச்சு

நம் நாட்டுக்கே உரிய தவறு இது. ரப்பர்த் தோட்ட வாழ்க்கையைச் சொல்லும் நாவலை ஒருவர் எடுத்தவுடன், "எங்க தோட்டத்திலயும் இப்படித்தான்" என்று யாராவது தொடங்குவார். காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டு, வேலையை மேற்பார்க்கும் தண்டல், கணக்கு எழுதும் கிராணி, பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக்கொட்டகை, திருவிழாக் கூத்து என்று இருபது நிமிடம் போகும். புத்தகம் மேசையில் மூடிக் கிடக்கும். அந்த நினைவுகள் விலைமதிப்பற்றவை, பதிவாக வேண்டியவை. அவற்றுக்கென்று தனியாக ஒரு மாலையே ஒதுக்கலாம். ஆனால் நாவலைப் பற்றிய பேச்சுக்கு அவை உதவ வேண்டுமானால், நினைவை அளவுகோலாகக் கையில் எடுக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. பால்மரம் சீவுவது விடியற்காலை வேலை. வெயில் ஏறிவிட்டால் பால் ஓட்டம் குறையும். மழை பெய்து பட்டை ஈரமாக இருந்தால் பால் சீவிய கோட்டில் இறங்காமல் பட்டையில் பரவி வீணாகும், பால் பிடிக்கும் மங்கில் மழைநீரும் கலக்கும். அன்றைக்கு மரம் சீவ முடியாது. சீவிய அளவுக்குக் கூலி என்றிருந்தவர்களுக்கு மழைநாள் என்றால் வருமானம் இல்லாத நாள். இது தெரிந்தவர் நாவலில் மழை வரும் இடங்களைத் தேடிப் பார்க்கட்டும். அங்கே மழை வெறும் அழகுக்காகப் பெய்கிறதா, வீட்டில் அரிசி குறையும் கவலையோடு பெய்கிறதா? இப்படிக் கேட்டால் தோட்டத்தில் வளர்ந்தவரின் அனுபவம் விமர்சனமாகிவிடும். தோட்டத்தையே பார்த்திராத இளையவருக்கும் நாவலுக்குள் நுழைய ஒரு வாசல் கிடைக்கும்.

சயாம் மரண ரயில் பற்றிய நாவல்களுக்கும் இதே கதிதான். 1942-43இல் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட, மலாயாவிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் கொண்டுபோகப்பட்டார்கள், பெருந்தொகையினர் திரும்பவில்லை. இதைப் பற்றிய நூல் எதுவானாலும் "எல்லாரும் அறிய வேண்டிய வரலாறு" என்ற ஒரே வாக்கியத்தோடு கருத்து முடிந்துவிடுகிறது. அது வரலாற்றுக்குச் செய்யும் மரியாதை. நூலைப் பற்றி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. காலராக் கொட்டகையை ஆசிரியர் எப்படிக் காட்டினார், யாருடைய கண்ணால் காட்டினார், எந்த இடத்தில் உங்களால் மேலே வாசிக்க முடியவில்லை என்று சொல்லுங்கள். நாவலில் வரும் சாவு எண்ணிக்கையை வரலாற்றுத் தரவாக எடுத்துச் சொல்லவும் வேண்டாம். அதற்கு வரலாற்று நூல்களைத்தான் பார்க்க வேண்டும்.

கரு, துணைக்கரு, படிப்பினை

பள்ளியில் தமிழ் இலக்கியம் எடுத்தவர்களிடம் ஒரு பழக்கம் படிந்திருக்கிறது. கரு, துணைக்கரு, பாத்திரப்படைப்பு, பின்னணி, உத்தி, படிப்பினை என்று தேர்வுக்குப் படித்த வரிசையிலேயே பேசுவார்கள். தேர்வுக்கு அது சரி. வாசகர் நடுவில் அப்படிப் பேசினால் எந்த நாவலும் ஒரே நாவலாகக் கேட்கும். "தாய்மையின் சிறப்பு" என்பது ஆயிரம் கதைகளுக்குக் கருவாக இருக்கலாம். இந்தக் கதையில் அந்தத் தாய் என்ன செய்தாள் என்பதுதான் கேட்பவருக்கு வேண்டும்.

இப்படி மாற்றிப் பாருங்கள். "பாத்திரப்படைப்பு சிறப்பு" என்பதற்குப் பதிலாக: "கணவன் பேசும் இடமெல்லாம் உயிரோடு இருக்கிறது. மனைவி தனக்குள் நினைக்கும்போது மட்டும் மேடைத்தமிழ் வந்துவிடுகிறது. 4ஆம் அத்தியாயத்தில் அவள் அடுக்களையில் தனியாக நிற்கும் பகுதியைப் பாருங்கள்." சொல்ல இருபது விநாடிதான் ஆகும், புகழ்ச்சி, குறை, இடம் மூன்றும் அதில் இருக்கின்றன.

அந்தப் பகுதியை உரக்க வாசிப்பது இன்னும் நல்லது. எட்டுப் பத்து வரி போதும். ஒரு முழுப் பக்கத்தை நிதானமாக வாசித்தால் இரண்டு நிமிடம் வரை ஓடும், ஆளுக்கு 5 நிமிடம் என்றால் அதில் ஏறக்குறைய பாதி அதற்கே போகும். வீட்டிலேயே ஒருமுறை வாய்விட்டு வாசித்து, தொடக்க வரியிலும் முடியும் வரியிலும் பென்சிலால் மெல்லிய கோடு போட்டு வாருங்கள். அடையாளத்துக்கு ஒட்டுத்தாளைவிடச் சாதாரணக் காகிதத் துண்டு மேல். நம் ஊர் ஈரக்காற்றில் மாதக்கணக்கில் விட்டால் பசை தாளைப் பிடித்துக்கொள்ளும், மெல்லிய தாளானால் எடுக்கும்போது கிழியும். இரவல் புத்தகத்தில் பேனாவால் கோடு போடவே கூடாது.

நம் ஊர் எழுத்தாளர் என்றால்

உள்ளூர் நூல் என்றதும் இரண்டில் ஒன்று நடக்கிறது. ஒரு சாரார் "முயற்சி பாராட்டுக்குரியது" என்று முடித்துக்கொள்வார்கள். இன்னொரு சாரார் தமிழ்நாட்டுப் பெரிய பெயர் ஒன்றைச் சொல்லி, அதற்குக் கிட்ட வராது என்று ஒதுக்குவார்கள். இரண்டு சாராரும் நூலைத் திறக்கவில்லை. நூல் வெளியீட்டு விழாவில் மாலையும் பொன்னாடையும் இருக்கும். அங்கே பேசுவது வாழ்த்துரை. அதே உரையை வாசகர் வட்டத்துக்கும் கொண்டுவராதீர்கள். எழுத்தாளர் அறையிலேயே உட்கார்ந்திருந்தாலும் இடம் சுட்டிச் சொன்ன குறையை அவரால் தாங்க முடியும், அடுத்த நூலுக்கு அது உதவும். காரணமில்லாத புகழ்ச்சியால் அவருக்கு ஒரு பயனும் இல்லை.

இளையவர் பேசும்போது நடுவில் திருத்துவது

தவறுகளில் இதைத்தான் மிகக் கடுமையாகச் சொல்ல வேண்டும். மலாய்வழித் தேசியப் பள்ளியில் படித்து, தமிழைத் தட்டுத் தடுமாறி வாசிக்கும் பதினெட்டு வயதுப் பிள்ளை ஒரு சிறுகதையைப் பற்றிப் பேசவந்திருக்கிறது. லகர ளகரம் புரள்கிறது. மூத்தவர் ஒருவர் உடனே குறுக்கிட்டுத் திருத்துகிறார், பிறகு இன்னொருவர். அந்தப் பிள்ளை அடுத்த மாதம் வராது. உச்சரிப்பைத் திருத்தியே ஆக வேண்டுமென்றால் கூட்டம் கலைந்து தே தாரிக் குடிக்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்து, அன்பாகச் சொல்லுங்கள். அவர் மலாயிலோ ஆங்கிலத்திலோ வாசித்த புத்தகத்தைப் பற்றித் தமிழில் பேச வந்தாலும் வரவேற்க வேண்டும். தலைப்பை மூல மொழியில் சொல்லிப் பிறகு தமிழில் பொருள் சொன்னால் போதும்.

நேரமும் மற்றவையும்

ஆளுக்கு 5 நிமிடம், கேள்விக்கு 3 நிமிடம் என்று வைத்தால் 12 பேருக்கு 96 நிமிடம். இரண்டு மணி நேரக் கூட்டத்துக்குள் அடங்கும். ஒருவர் ஏழு புத்தகங்களின் பட்டியலை வாசித்தால் அடங்காது. ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேசுங்கள், மற்றத் தலைப்புகளைப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் போடலாம். கதையில் முதல் கால் பகுதிக்கு மேல் நடப்பதைச் சொல்வதாக இருந்தால் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்பவர்களும் "நல்லா இருக்கா?" என்று கேட்காமல் "எந்த இடத்தில் நின்று மறுபடி வாசித்தீர்கள்?" என்று கேட்கலாம்.

"பிடிஎஃப் இருந்தா அனுப்புங்க" என்ற வேண்டுகோள் தவறாமல் வரும். மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை எழுத்தாளரின் ஆயுள் முழுதும், அவர் மறைந்த பிறகு 50 ஆண்டும் நீடிக்கும். திறனாய்வுக்காக ஒரு பத்தியை ஆசிரியர் பெயரோடு எடுத்துக்காட்ட இடமுண்டு. முழு நூலை அனுப்ப இல்லை. பாரதியார், புதுமைப்பித்தன் போன்று காலக்கெடு கடந்தவர்களின் நூல்களைத் தாராளமாகப் பகிரலாம். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில் பழந்தமிழ் நூல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

கூட்டத்துக்குப் பொதுவாக ஒரு குறிப்பேடு வைத்திருங்கள். தேதி, பெயர், நூல், பதிப்பாண்டு, எந்த அத்தியாயம் வரை, அன்று சொன்ன கருத்து ஒரே வரியில். அடுத்த மாதம் அதே நூலோடு வருபவருக்கு முதலில் அந்த வரியை வாசித்துக் காட்டுங்கள். அவர் அங்கிருந்து தொடங்கட்டும்.