பூங்குழலியை முட்டத்துக்குக் கூட்டி வரும்போது

கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய பொன்னியின் செல்வனின் பாத்திரங்களை வைத்து இன்றும் புதிய காதல் கதைகள் எழுதுகிறார்கள். ரசிகர் புனைவு, ஃபேன் ஃபிக்‌ஷன், எப்படிச் சொன்னாலும் சரி. நானும் எழுதுகிறேன். கோடிக்கரைப் பூங்குழலியை இந்தக் காலத்து முட்டத்துக்கு, கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரை ஊருக்கு, கொண்டுவந்தேன். அவள் அப்பா காத்த கலங்கரை விளக்கத்துக்கு ஈடாக இங்கேயும் ஒன்று இருக்கிறது. கோயிலுக்குப் பூமாலை கட்டிய சேந்தன் அமுதனுக்குத் தோவாளைப் பூச்சந்தையில் ஒரு கடை போட்டுக் கொடுத்தேன். ஊர் அழகாக அமைந்தது, ஆட்கள்தான் அமையவில்லை. ஐந்து அத்தியாயம் எழுதிய பிறகுதான் ஏன் என்று புரிந்தது. அவர்கள் இருவருக்கும் காதலைத் தவிர வேறு எதுவுமே வேண்டியிருக்கவில்லை.

நம்மில் பலர் செய்யும் முதல் தவறு இதுதான். அவன் ஏன் அவளைத் தேடிப் போனான்? காதல். ஏன் அழுதான்? காதல். எல்லாவற்றுக்கும் ஒரே பதில் இருந்தால் அது பதிலே ஆகாது. காதலியைக் கதையிலிருந்து கொஞ்ச நேரம் எடுத்துவிட்டு, அன்று காலை அவன் என்ன செய்வான் என்று யோசித்துப் பாருங்கள். தோவாளைச் சந்தை விடியுமுன்பே விழித்துவிடும். ஓணம் நெருங்கினால் கேரளத்து வியாபாரிகள் வந்து குவிவார்கள். அந்த நாட்களில் ஒன்றில் கடையை விட்டுவிட்டு அமுதன் முட்டத்துக்குப் பஸ் ஏறினால், அவன் மனம் எங்கே இருக்கிறது என்று வாசகருக்கு நாம் சொல்லவே வேண்டாம். முகூர்த்தமும் திருவிழாவும் இல்லாத ஒரு மந்தமான நாளில் போனால் அது வெறும் பயணம்தான்.

அடுத்தது, பெயரை மட்டும் கூட்டி வந்து ஆசையை மூலக்கதையிலேயே விட்டுவிடுவது. பல கதைகளில் பூங்குழலி படகு ஓட்டும் ஒரு துடுக்குப் பெண், அவ்வளவுதான். கல்கியின் பூங்குழலிக்குள் ஒரு முடிச்சு இருக்கிறது. மனம் இளவரசன் அருள்மொழியிடம் போகிறது. அரச குடும்பத்து ஒருவனை நேசித்துத் தனித்துப்போன அத்தை மந்தாகினியை நினைத்தால் அரண்மனையே கசக்கிறது. இந்த இழுபறிதான் அவள். முட்டத்தில் அரண்மனைக்கு ஈடு எது என்று நான் பல நாள் யோசித்தேன். கடைசியில், அத்தையைப் பெண் பார்த்துப் பேசி முடித்துவிட்டுப் பிறகு கைவிட்ட ஒரு பெரிய வீடு என்று வைத்தேன். கடலாசையும் அப்படியே வந்து ஒட்டிக்கொள்ளாது. நம் கரையில் கடலுக்குப் போவது ஆண்கள் வேலை, மீனை விற்பதுதான் பெண்கள் வேலை. அவள் துடுப்பைத் தொட்டால் அப்பா என்ன சொல்வார், ஊர் என்ன சொல்லும்? ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடை. படகுக்குப் போகும் அண்ணன் அந்த 61 நாளும் வீட்டில் இருப்பான், கையில் காசும் இருக்காது. அப்போது அவளால் நினைத்தபடி வெளியே இறங்க முடியுமா? இப்படி ஒவ்வொரு தடையாக வைத்துப் பார்க்கும்போதுதான் அவள் ஆசைக்கு எவ்வளவு வலு என்று எனக்கே தெரிந்தது.

ஒட்டுக்கேட்டுத் தப்பாகப் புரிந்துகொண்டு பத்து அத்தியாயம் பிரிந்திருப்பது வேண்டாம். ஒரு போன் பேசினால் தீர்ந்துவிடும் பிரிவை வாசகர் நம்பமாட்டார். தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல் படகுகள் வாரக்கணக்கில் கடலில் கிடப்பவை. அதில் ஒருவன் போயிருந்தால் போன் எட்டாது, அந்தப் பிரிவு உண்மையாகவே வலிக்கும்.

அமுதனை உயர்த்துவதற்காக அருள்மொழியைக் கெட்டவனாக்குவதும் தவறு. அவனை நேசித்துத்தான் வாசகர் நம் கதைக்கே வருகிறார். நல்லவன் ஒருவனைத் தாண்டி அவள் இன்னொருவனை ஏன் தேர்ந்தாள் என்று எழுதுவது கடினம், ஆனால் எழுத வேண்டியது அதைத்தான்.

இன்னொன்றைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். நாயகி ஏன் யாரையும் நம்பவில்லை என்பதற்கு, அவள் அப்பா ஒக்கிப் புயலில் போய்விட்டார் என்று ஒரே வரியில் காரணம் சொல்லாதீர்கள். 2017 நவம்பர் 30 அன்று கடலில் இருந்த பலர் திரும்பவில்லை. உடல்கூடக் கிடைக்காத வீடுகள் இந்த மாவட்டத்தில் இருக்கின்றன. அந்த வீட்டுப் பிள்ளை உங்கள் கதையைப் படிக்கக்கூடும். எழுதுவதென்றால் அந்த வீட்டுக்குள் போய் எழுதுங்கள்: மழை இருட்டினால் அம்மா யாருக்கெல்லாம் போன் போடுகிறாள், அண்ணன் கடலுக்குப் போகும் நாளில் இவள் ஏன் சண்டை பிடிக்கிறாள். அதையெல்லாம் எழுத இடமில்லையென்றால் வேறு காரணம் தேடிக்கொள்ளலாம்.

கடைசியாக, பாத்திரம் தன் மனதைத் தானே விளக்குவது. என் பழைய அத்தியாயத்தில் பூங்குழலி, “அரண்மனைக்காரர்களை நான் நம்புவதில்லை, நீ எளியவன், அதனால் உன்னை நம்புகிறேன்” என்று அமுதனிடம் அரைப் பக்கம் பேசினாள். அத்தனையையும் அடித்துவிட்டேன். இப்போது ஓணத்துக்கு முந்தின நாள். அமுதன் வாழையிலையில் பிச்சிப்பூவைப் பொதிந்து எடுத்துக்கொண்டு மத்தியான வெயிலில் வந்து நிற்கிறான். அவள் பூவை வாங்கவில்லை. அவன் முகத்தையே பார்க்கிறாள்.

“இன்னைக்கு கடைய ஆரு பாக்கா?”