ஆங்கிலப் பத்தி புரிந்ததா என்று சோதிப்பது எப்படி?

கோத்தகிரி, கூடலூர் பக்கம் தமிழ் வழியில் படிக்கும் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சோதனை வைப்பதாக இருந்தால், முதலில் பாடப்புத்தகப் பத்தியை ஒதுக்கிவையுங்கள். மனப்பாடம்தான் விடையாக வரும்.

சரி, எந்த மாதிரிக் கேள்வி? சீனாவில் கல்லூரியில் சேர எழுதும் காவ்காவ் நுழைவுத் தேர்வில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒன்று உண்டு: பத்தியிலிருந்து ஐந்து வாக்கியங்களை உருவிவிட்டு, கீழே ஏழு வாக்கியங்கள் தருவார்கள், எது எங்கே பொருந்தும் என்று பிள்ளைதான் கண்டுபிடிக்க வேண்டும், இரண்டு மிச்சமாகும். பத்தியின் போக்கைப் பிடிக்காமல் அதில் தேறுவது கஷ்டம். தாராளமாகச் செய்து பாருங்கள்.

அப்புறம், கேள்விகளை மட்டும், பத்தி இல்லாமல், வேறு வகுப்புப் பிள்ளைகள் சிலரிடம் கொடுங்கள். கல்லாறிலிருந்து குன்னூர் வரை மலை ரயிலுக்கு ஏன் பல் தண்டவாளம் என்று கேட்டால், குன்னூர்ப் பிள்ளை படிக்காமலே 'ஏற்றம் செங்குத்து' என்று எழுதிவிடும். அந்தக் கேள்வியை எடுத்துவிடுங்கள், அது வாசிப்பைச் சோதிக்கவில்லை.

சீனம் பேசும் மாணவர்களும் நம் பிள்ளைகளும் தடுமாறக்கூடிய இடம் ஒன்று: இரண்டு மொழியிலும் 'நேற்று வந்த பையன்' என்று விவரம் முன்னால் வரும், ஆங்கிலத்திலோ பையனுக்குப் பின்னால் நீளும். அப்படி நீளும் வாக்கியம் ஒன்றைப் பத்தியில் வைத்து, யார் என்ன செய்தார் என்று கேளுங்கள்.

விடையைத் தமிழிலேயே எழுதட்டும். ஆங்கிலத்தில் கேட்டால், புரியவில்லையா, எழுத வரவில்லையா என்று உங்களால் பிரித்துச் சொல்ல முடியாது.