கேஸ் கிணறு வர்ற எடத்துல எல்க் மானோட குளிர்கால மேய்ச்சலைக் காப்பாத்துறது எப்படி

அமெரிக்காவுல வயோமிங், கொலராடோ மாநிலங்கள் பக்கம் எல்க்ங்கற பெரிய மான் பத்திப் பேச்சு வந்தாலே முதல்ல வர்றது "குளிர்காலத்துல ட்ரில் பண்ணக்கூடாது"ங்கறது தான். வயோமிங்ல ஃபெடரல் (மத்திய அரசு) நிலத்துல முக்கியமான குளிர்கால எடங்களுக்கு நவம்பர் 15ல இருந்து ஏப்ரல் 30 வரைக்கும் தடை போடுற வழக்கம் இருக்கு. அது கண்டிப்பா வேணும். ஆனா அந்தத் தடை பெரும்பாலும் ரோடு போடுறதுக்கும் ட்ரில்லிங்குக்கும் தான், கிணறு ஓட ஆரம்பிச்சப்புறம் வந்து போற லாரிக்கு இல்ல, ரிக் (துளை போடுற மெஷின்) வேலை முடிஞ்சதும் கெளம்பிடும், லாரி இருபது முப்பது வருஷம் வந்துட்டே இருக்கும். அதனால பிளான் போடும்போதே லாரியையும் ரோட்டையும் தான் முதல்ல யோசிக்கணும்.

மலையில பனி ஏறினதும் எல்க் கீழ எறங்கிடும். கீழயும் எல்லா எடமும் அதுக்கு ஆகாது, காத்து பனியை அடிச்சுட்டுப் போற மேடு, வெயில் விழுற தெக்குச் சரிவு, இந்த மாதிரி கொஞ்ச எடம் தான். முன்னங்காலால பனியைப் பறிச்சு அடியில காஞ்சு கிடக்குற புல்லைத் தின்னும், அதுல சத்தே கம்மி, கோடைல ஏத்தின கொழுப்பை வச்சுத்தான் வசந்தம் வரைக்கும் ஓட்டணும். பெட்டைல முக்காவாசி சினையா வேற இருக்கும், செப்டம்பர்ல இணை சேந்தது மே கடைசி, ஜூன்ல தான் குட்டி போடும். வண்டிச் சத்தத்துக்கு மெரண்டு முழங்கால் பனியில ஒவ்வொரு தடவை ஓடும்போதும் அந்தக் கொழுப்பு தான் கரையுது.

முதல் வேலை மேப். வயோமிங் கேம் அண்ட் ஃபிஷ், கொலராடோ பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப்னு அந்தந்த மாநிலத்து வனவிலங்குத் துறைங்க ரெண்டுமே குளிர்கால எடங்களை மேப்பா வெளியிடுறாங்க, அதை எடுத்து லீஸ் (கேஸ் எடுக்கக் கம்பெனிக்குக் குடுக்குற குத்தகை) எல்லை மேல வச்சுப் பாருங்க. இதை லீஸ் குடுக்குறதுக்கு முன்னாடியே பண்ணணும், "இந்த எடத்துல நிலத்து மேல எதுவும் வைக்கக்கூடாது"ன்னு கண்டிஷன் எழுத அதான் நேரம். லீஸ் கையெழுத்தானப்புறம் கம்பெனிக்கு உரிமை வந்துடும், அப்புறம் கெஞ்சித்தான் வாங்கணும்.

அடுத்தது பேட் எண்ணிக்கை, பேட்னா கிணறு போட சமப்படுத்துற எடம். ஒரே பேட்ல இருந்து சாய்வா பல கிணறு எறக்கலாம், அதனால அந்த மேட்டையும் தெக்குச் சரிவையும் தொடாம தள்ளி வைங்க. கொலராடோ ரூல்ஸ்ல எல்க் கூடுற எடங்கள்ல ஒரு சதுர மைலுக்கு ஒரு பேடுக்கு மேல போனா கூடுதலா பாதுகாப்புத் திட்டம் குடுக்கணும், ஆனா அந்த ஒண்ணுக்குக் கீழேயே நிக்கிறது தான் நல்லது.

இப்ப லாரி. கிணத்துல இருந்து கேஸோட வர்ற கண்டென்சேட்டையும் (பெட்ரோல் மாதிரி லேசான எண்ணெய்) தண்ணியையும் டாங்கர்ல ஏத்தாம பைப்லைன்ல கொண்டு போயிட்டா பாதி போக்குவரத்து இல்லாமப் போயிடும். வயோமிங்ல பைன்டேல் ஊர்ப் பக்கம் மியூல் மானை (எல்க்கை விடச் சின்ன மான் வகை) வச்சு ஆராய்ச்சி பண்ணிப் பாத்தப்ப, பைப்லைன் இருந்த பேட்ல இருந்து மான் அவ்வளவு தூரம் வெலகிப் போகல. அதே எடத்துல பதினஞ்சு வருஷம் ஆகியும் மான் கிணறுகளுக்குப் பழகலைங்கறதும் தெரிஞ்சிருக்கு, "போகப் போகப் பழகிடும்"னு யாராவது சொன்னா இதைச் சொல்லுங்க. மீட்டர் பாக்க ஆள் அனுப்பாம ரிமோட்டா பாருங்க, போயே ஆகணும்னா காலை 10 மணில இருந்து மதியம் 3 மணிக்குள்ள எல்லா வேலையையும் ஒரே ட்ரிப்ல முடிங்க, ஏன்னா விடியக்காலையும் சாயங்காலமும் தான் எல்க் அதிகமா மேயும். முக்கியமா புது ரோட்டுக்கு கேட் போட்டுப் பூட்டுங்க. இல்லேன்னா ஸ்னோமொபைல்காரங்களும், எல்க் உதிர்த்த கொம்பைப் பொறுக்க வர்றவங்களும் அதே ரோட்டுல உள்ள வந்துடுவாங்க, கம்பெனி லாரியைக் கொறைச்சும் பிரயோஜனம் இருக்காது.

கேஸை அழுத்தி பைப்ல தள்ளுற கம்ப்ரெசரை மேட்டுக்குப் பின்னாடி வைங்க, நல்ல மஃப்ளர் போடுங்க. ரோட்டையும் முடிஞ்சா மேடு மறைக்கிற மாதிரி போடுங்க, மரமே இல்லாத சேஜ்பிரஷ் (குட்டையான புதர்ச்செடி) காட்டுல எல்க்குக்கு ஒளியறதுக்கு அந்த மேட்டை விட்டா வேற எதுவும் இல்ல. வேலி போட்டா மேல் கம்பி 42 இன்ச்சுக்கு மேல வேண்டாம், மேலயும் கீழயும் முள் இல்லாத கம்பி.

ட்ரில்லிங் முடிஞ்சதும் தேவையில்லாத பேட் பகுதியை உடனே மூடுங்க, கிணறு வத்துற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். தோண்டும்போது மேல்மண்ணைத் தனியா குவிச்சு வச்சிருந்தா தான் இது நடக்கும், உள்ளூர்ப் புல், சேஜ்பிரஷ் விதை தான் போடணும். சேஜ்பிரஷ் திரும்ப வர பல பத்து வருஷம் ஆகும், அதுக்குள்ள சீட்கிராஸ் களை புகுந்துட்டா சீக்கிரம் காஞ்சு தீப்பிடிச்சு இருக்குற சேஜ்பிரஷையும் எரிச்சிடும், அதனால வெளியில இருந்து வர்ற மெஷின் எல்லாத்தையும் கழுவித்தான் உள்ள விடணும்.

கடைசியா ஒண்ணு, குளிர்காலத் தடைக்கு விலக்கு கேட்டு கம்பெனிங்க மனு போடலாம், "இந்த வருஷம் பனி கம்மி"ம்பாங்க. மனு வந்தா ஆபீஸ்ல உக்காந்து முடிவு பண்ணாம, வைல்ட்லைஃப் ஆளை நேர்ல அனுப்பி எத்தனை எல்க் நிக்குது, பனி எவ்வளவு ஆழம்னு பாத்து எழுதச் சொல்லுங்க, விலக்கு குடுத்தாலும் பெரும்பனி வந்தா அன்னிக்கே வேலையை நிறுத்தணும்னு அதுலயே ஒரு வரி சேக்கச் சொல்லுங்க.